அப்பன் எண் பூஜ்யம்

சுண்டக்குறிச்சியில் ரெண்டு டீக்கடை ஒரே டீக்கடையாகிப்போன செவ்வாய்க்கிழமை காலையில், டீ குடிக்க வந்த ஒருத்தரும் இது எப்படி நடந்தது என்று கேட்கவில்லை, இனிமேல் வடைத்தட்டு எந்தப் பக்கம் இருக்கும் என்றுதான் கேட்டார்கள். தேரடித்தெருவில் இருந்தது கணபதி டீக்கடை, மடைத்தெருவில் இருந்தது கணபதி டீ கடை, ஒன்றில் டீயும் கடையும் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் நடுவில் ஒரு விரல் இடம் விட்டிருக்கும், அந்த ஒரு விரல் இடத்துக்காக ரெண்டு முதலாளிகளும் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தார்கள். முந்தின நாள் மதியம் மாவுமில் மாடியில் உட்கார்ந்து ஊர் வெப்சைட்டைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்த குருபாதம், ஒரே பேர் ரெண்டு தரம் வந்திருக்கிறதே என்று ரெண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். விடிந்து பார்த்தால் ரெண்டு தெருவும் சேருகிற முக்கில் ஒரே கூரை, ஒரே வாசல், ரெண்டு பாய்லர், முழங்கையோடு முழங்கை உரசிக்கொண்டு ரெண்டு முதலாளிகள்.

"கையை இழுத்துக்கோலே, ஒன் வேர்வை என் டீயில விழுது."

"விழட்டும். அப்பமாவது ஒன் டீக்கு ஒரு ருசி வரும்."

டீ முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. கோபத்தில் ஆற்றினால் நுரை கூடுதலாக நிற்கும் என்று ஊர் தெரிந்துகொண்டது, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெப்சைட் சிங்கப்பூரில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் செய்துகொடுத்தது. தெரு, வீடு, கடை, கிணறு, காதுகுத்து, கருமாதி என்று ஊரில் உள்ள எல்லாம் அதில் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு தலைப்பு உண்டு. குருபாதம் சென்னையில் எட்டு வருஷம் இதே வேலை பார்த்தவர். கம்பெனி அவரைப் போகச் சொன்னதா, அவர் கம்பெனியைப் போடா என்றாரா என்பது அவர் சொல்லும் நாளைப் பொறுத்தது. அவர் கீபோர்டு மேல் எந்நேரமும் அரிசிமாவு படிந்திருக்கும், மூக்குக்கண்ணாடி மேலும்தான், அதனால் அவருக்கு மனுஷர்கள் எல்லாரும் கொஞ்சம் வெளுப்பாகவே தெரிந்தார்கள், எல்லாரையும் ஒரே அளவுக்கு வெறுத்தார். கேட்டால் விளக்குவார்: உள்ளே ஒரு பட்டியல் இருக்கு, அதுல ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு எண்ணு, ஒரு பேரு, அப்புறம் அது எந்தத் தலைப்புக்குக் கீழ வருதோ அந்த மேல் தலைப்போட எண்ணு. அந்தக் கடைசிக் கட்டத்துக்கு அவர் வைத்த பேர் அப்பன் எண். மேலே யாரும் இல்லையென்றால் அப்பன் எண் பூஜ்யம். எந்தத் தலைப்பிலும் சேராததைப் போட்டுவைக்க 'இதர' என்று ஒரு தலைப்பு இருந்தது. அதற்கு அப்பன் எண் பூஜ்யம்.

அந்த இதர நாங்கள்தான். அம்மாவும் நானும்.

அம்மா தேரடித்தெருத் தலைவர் சங்கிலிபூதத்தான் பெற்ற மகள். அப்பா மடைத்தெருத் தலைவர் மாடக்கண்ணுவின் கூடப்பிறந்த தம்பி. ரெண்டு தெருவும் ஒன்றையொன்று பார்த்தால் காறித் துப்பும் ஊரில் இவர்கள் ரெண்டு பேரும் தாலி கட்டிக்கொண்டு வந்து, ரெண்டு தெருவும் சேரும் முக்கில், தெருவுக்கொரு வாசலும் மெயின்ரோட்டுக்கு ஒரு கொல்லைவாசலும் வைத்து வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். "அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லை" என்று தேரடித்தெரு ஒலிபெருக்கி வைத்துச் சொன்னது, மடைத்தெரு அதைவிடப் பெரிய ஒலிபெருக்கி வைத்துச் சொன்னது. நான் பிறந்ததும் அம்மா எனக்குப் பேச்சி என்று பேர் வைத்தாள். "பேச்சு இல்லைன்னாங்கள்ல, இந்தா இருக்கு" என்றாளாம். எனக்குப் பத்து வயதில் அப்பா செத்தபோது ரெண்டு தெருவும் அவரவர் சுடுகாட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டன. அப்பாவோடு லாரி ஓட்டியவர்கள் வந்து வாய்க்கால் கரையில் எரித்தார்கள்.

எனக்கு ஒரு தொண்டைதான், ஆனால் ரெண்டு தெருவும் அதில் குடியிருக்கிறது. தாத்தா சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் தொண்டையைச் செருமி, "ம்ம்ஹ்ம், எவம்லே அது" என்று ஆரம்பிப்பதை ஆறு வயதிலேயே நான் செருமிவிடுவேன். பெரியப்பா மாடக்கண்ணு ஒவ்வொரு வாக்கியத்தையும் "சொல்லுதேன் கேளு" என்று தொடங்கி, சொல்லாமலேயே முடிப்பதை அப்படியே செய்வேன். போன ஆடியில் தாத்தா குரலில் சுவருக்கு மேலே "கோயில்ல சுண்டல் குடுக்கான், வாளியோட வாங்க" என்று ஒரு சத்தம் விட்டேன், முப்பத்தெட்டு வாளி வந்தது, தாத்தாவே ஒரு தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். இந்த ஊரில் எனக்கு வராத குரல் இல்லை. வராதது ஒன்றே ஒன்றுதான். அந்த ரெண்டு பேரும் என் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'பே'யை எவ்வளவு நீட்டுவார்கள், 'ச்சி'யை எங்கே அழுத்துவார்கள் என்று தெரியாது. தெரியாததைப் பொய்யாகப் போட என் தொழில் கௌரவம் இடம் கொடுக்காது.

டீக்கடைக்கு அப்புறம் ஊரே மாவுமில் மாடிப்படியில் வரிசையில் நின்றது. என் சம்பந்தியை 'சீக்கு' தலைப்புக்குக் கீழே போடு என்றார் ஒருத்தர். பக்கத்துவீட்டுச் சேவலை என் வீட்டுக்குக் கீழே கொண்டுவந்துவிடு, வெள்ளிக்கிழமை குழம்பு வைக்கணும் என்றாள் ஒருத்தி. ஆனால் எல்லாரும் முடிவில் வந்து நின்ற இடம் அப்பன் எண்தான்.

"அவனுக்கு என்னை அப்பனாப் போடு."

"அவரு ஒம்மைவிட இருபது வயசு மூத்தவருய்யா."

"அதனால என்ன? நானும் இருபது வருசமா அவன்கிட்ட ஒனக்கு அப்பன்டான்னுதான் சொல்லிட்டு இருக்கேன். எழுத்துல வேணும்."

இதற்கு நடுவில் குருபாதம் யாரும் திறக்காத நூலகத்தை அழித்தார். மறுநாள் அந்த இடத்தில் எருக்கஞ்செடி நின்றது, ஊருக்கு அது தெரியவே பன்னிரண்டு நாள் ஆனது. தலைப்பை அழித்தால் அதில் இருந்ததெல்லாம் இதரவுக்கு வரும் என்பது சட்டம், ஆகவே நானூற்றுச் சொச்சம் புத்தகமும் ஒரு மூன்றுகால் நாற்காலியும் ஒரு காற்றாடியும் எங்கள் முற்றத்தில் வந்து இறங்கின. அம்மா காற்றாடியைத் துடைத்து மாட்டினாள். அப்புறம் குழாய்ச் சண்டை வந்தது. மடைத்தெருக் குழாயை அழி என்று தாத்தா போய்ச் சொன்னார், தேரடித்தெருக் குழாயை அழி என்று பெரியப்பா போய்ச் சொன்னார், குருபாதம் மாவைத் துடைத்துக்கொண்டு ரெண்டு பேருக்கும் சரி என்றார், ரெண்டையும் அழித்தார். மறுநாள் காலையில் எங்கள் துளசிமாடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய், அந்தப் பக்கம் ஒரு குழாய்.

இனிமேல் தண்ணீர் வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வாசலில் வந்து கேட்க வேண்டும். கேட்பதற்குப் பேச வேண்டும். பேச்சு இல்லை என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியாயிற்று. மூன்று நாள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்தார்கள், மூன்று நாள் ரெண்டு தெருவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது, நாலாவது நாள் பதினேழு வருஷத்தில் முதல்முறையாகத் தாத்தாவும் பெரியப்பாவும் ஒரே படியில் ஏறினார்கள். நான் கீழே மில்லில் கோதுமைத் தூக்கோடு நின்றிருந்தேன். மில் ஓடாத நேரம். மாடிப்பலகை மெலிசு.

"ம்ம்ஹ்ம். அந்த இதரவை அழி."

"இதரவை அழிக்க முடியாது. மத்ததை அழிச்சா இதரவுக்குப் போகும். இதரவை அழிச்சா அதுல இருக்கது எங்க போகும்?"

"சொல்லுதேன் கேளு. எங்கயோ போகட்டும்."

"எங்கயும் போகாது. போக இடமில்லாதது இல்லாமப் போயிரும். புத்தகம், காத்தாடி, அந்தப் பொம்பளை, அந்தப் பிள்ளை, எல்லாம். குழாயை மட்டும் முன்னாடியே எடுத்து வச்சிரலாம்."

பெரியப்பா ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். தாத்தா ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். தாத்தாதான் சொன்னார்.

"குழாயை எடுத்து வச்சிரு."

"ஸ்கிரீன் வழியாப் போனா மெஷின் விடாது. நேரா பட்டியலுக்குள்ள போய் அந்த வரியை அடிக்கணும். ரெண்டு பேரும் நேர்ல நிக்கணும், அப்பத்தான் அடிப்பேன். நாளைக்கு ஒருத்தர் ஒருத்தரைக் கைகாட்டக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று முடிவானது. இறங்கி வரும்போது தாத்தா என்னைத் தாண்டித்தான் போனார். அவர் வேட்டி என் தூக்கில் உரசியது. கோதுமையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமல் கேட்டாள், "எங்க அப்பாவா சொன்னாரு?" நான் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். "குழாயை எடுத்து வச்சிரு." சொல்லியிருக்கக் கூடாது. அம்மா அன்றைக்குக் குழம்புக்கு உப்பு போட மறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் குருபாதத்துக்குப் போன் போட்டேன். அவர் போன் கீழே விழுந்து கண்ணாடி சிதறியது, யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது, பச்சைப் பொத்தான் மட்டும் வேலை செய்யும்.

"ம்ம்ஹ்ம். குருபாதம், நான்தாம்லே. நாளைக்கு அந்தச் சோலிக்கு முன்னாடி ஒரு சோலி. மடைத்தெருவுக்குத் தேரடித்தெருவை அப்பனாப் போடு. மாடக்கண்ணுக்குத் தெரிய வேண்டாம்."

"போட்டுருதேன்."

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். "சொல்லுதேன் கேளு. தேரடித்தெருவுக்கு மடைத்தெருவை அப்பனாப் போடு. அந்தக் கிழவனுக்குத் தெரிய வேண்டாம்."

அந்தப் பக்கம் குருபாதம் சிரிக்கும் சத்தம் முதல்முறையாகக் கேட்டேன். பழைய மில் பெல்ட் மாதிரி இருந்தது. "அப்பனுக்கு மகனே அப்பனா? ஸ்கிரீன்ல போட்டா மெஷின் காறித் துப்பும். நேரா பட்டியல்ல போடுதேன். ஊரு கேட்டா சொல்லலாம், நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்னு."

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு தாத்தா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, மெயின்ரோட்டில் இருக்கிற மாவுமில்லுக்குப் போக, தேரடித்தெருவில் மேற்கே நடந்தார், தெரு முடிகிற இடத்தில் திரும்பினார், மடைத்தெருவுக்குள் இருந்தார். சே என்று மடைத்தெருவில் மேற்கே நடந்தார், முடிகிற இடத்தில் திரும்பினார், தேரடித்தெருவுக்குள் இருந்தார். மடைத்தெருவிலிருந்து கிளம்பிய பெரியப்பாவும் அப்படியே நடந்து, அப்படியே திரும்பி, அப்படியே வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் சுற்றின, பால்வண்டி சுற்றியது, ஆடு சுற்றியது. ஒரு தெருவின் முடிவு இன்னொரு தெருவின் தொடக்கமாக இருந்தது, அதன் முடிவு இதன் தொடக்கமாக இருந்தது. மெயின்ரோட்டில் பஸ் ஹாரன் அடிப்பது எல்லாருக்கும் கேட்டது, மெயின்ரோடு யாருக்கும் கிடைக்கவில்லை. பத்து மணி ஆனது, பத்தரை ஆனது, நாங்கள் இல்லாமல் போகவில்லை. அம்மா கொல்லைவாசல் வழியாக மெயின்ரோட்டுக்குப் போய் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தாள். இதரவுக்குத் தடை இல்லை.

பதினொரு மணிக்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகள் சந்தோஷப்பட்டன. சுற்றி வருவது சர்க்கரைக்கு நல்லது என்றார் ஒருத்தர். எந்தத் தெரு எதுக்குள்ளே இருக்கிறது என்று தெரியாததால் எங்கே நின்று யாரைத் திட்டுவது என்பதுதான் பிரச்சனையாக இருந்தது, அதற்கும் வழி கண்டார்கள், நடந்துகொண்டே எல்லாரையும் திட்டினார்கள்.

தாத்தா குருபாதத்துக்குப் போன் போட்டார். அதற்குள் நான் காலையிலிருந்து அவர் குரலில் ஆறு தரம், பெரியப்பா குரலில் ஏழு தரம் கூப்பிட்டு, குழாயை எடு, வை, ஆட்டுக்கல்லை அழி, வேண்டாம் என்று ஒன்றுக்கொன்று மாறாகச் சொல்லியிருந்தேன். குருபாதம் கத்தினார், "இனிமே போன்ல வர்ற எந்தக் குரலையும் நம்பமாட்டேன். நேர்ல வாங்க!"

"எப்படிலே வர? அவுத்துவிடு!"

"அவுக்கணும்னா ரெண்டு தெருவுக்கும் அப்பன் எண்ணைப் பழையபடி பூஜ்யம் ஆக்கணும். ஆக்கட்டுமா?"

"பழையபடியா? அப்பம் இத்தனை நாளா எங்க தெருவுக்கு அப்பன் இல்லாமலா வச்சிருந்தே?"

"எல்லாத் தெருவுக்கும் பூஜ்யம்தான். நீங்க கேக்கல, நான் சொல்லல."

அப்பா செத்த நாளிலிருந்து எங்கள் வீட்டைப் பார்த்து அப்பன் இல்லாத வீடு என்று சொன்ன தெரு, அப்பன் பூஜ்யம் என்று எழுத்தில் ஒத்துக்கொள்ளுமா? தேரடித்தெரு கூடிப் பேசியது: மடைத்தெரு முதலில் பூஜ்யம் ஆகட்டும். மடைத்தெரு கூடிப் பேசியது: தேரடித்தெரு முதலில் ஆகட்டும். கூட்டம் முடிந்து எல்லாரும் அவரவர் வீட்டுக்கு இன்னொரு தெரு வழியாகப் போனார்கள்.

இப்படியே ஐந்து நாள், வாய்க்கால் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு. ஆறாவது நாள் காலையில் தேரடித்தெரு வள்ளிமயில், ஒரு கன்னம் பூசணிக்காயாக வீங்கி, எங்கள் வாசலில் வந்து நின்றாள். பல் ஆஸ்பத்திரி தென்காசியில்.

"ஏட்டி செல்லக்கிளி," என்றாள் அம்மாவிடம். பதினேழு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒரு வாய் அம்மா பேரைச் சொன்னது, அதுவும் பாதி வாய். "ஒங்க கொல்லைவாசல் வழியா விடேன்."

அம்மா வழியை விட்டாள். வள்ளிமயில் கொல்லைவாசலைத் தாண்டிக் கால் வைத்தாள், கால் மடைத்தெருவில் போய் ஊன்றியது.

நான் குருபாதத்துக்குப் போன் போட்டு வள்ளிமயில் கையில் கொடுத்தேன். "எந்தக் குரலையும் நம்பமாட்டேன்" என்றார் அவர். வள்ளிமயில் ஓவென்று அழுதாள். "யய்யா, என்னை இதரல போட்டுரு. நானும் இதரதான். பல்லு உயிர்போகுதுய்யா." குருபாதம் யோசித்தார். பிறகு சொன்னார்: "இதை நம்புதேன். இந்த ஊர்ல எவனும் இன்னொருத்தன் குரல்ல கூப்பிட்டு நான் இதரன்னு சொல்லமாட்டான். அவ்வளவு கேவலமா எவனுக்கும் மூளை போகாது."

எனக்குப் போகும்.

வள்ளிமயில் கொல்லைவாசல் வழியாகப் போய் பஸ் ஏறினாள். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் நாற்பது. பாதிப்பேர் வேலை முடிந்ததும் திரும்பத் தெருவுக்கே போய்விடலாம் என்றுதான் வந்தார்கள், கொல்லைவாசலைத் தாண்டிய பிறகு திரும்பிப்போக ஒருத்தரும் அவசரப்படவில்லை. டீக்கடைக்காரர்கள் ரெண்டு பேரும் ஒன்றாக வந்து, யார் முதலில் சொல்வது என்று சண்டை போட்டு, ஒரே மூச்சில் சொன்னார்கள். வீடுகள் அங்கேயேதான் நின்றன, தலைப்பு மட்டும்தான் மாறியது. எங்கள் முற்றத்துக் குழாயில் குடங்கள் வரிசை பிடித்தன, வரிசை பிடித்ததும் நம் ஊர் நம் ஊராகிவிட்டது.

"நான் வியாழக்கிழமையே இதர. நீ நேத்து வந்த இதர. பின்னால போ."

"எங்க மாமியா வள்ளிமயிலுக்கு ஒண்ணுவிட்ட அக்கா. நாங்க பழைய இதரளா."

"செல்லக்கிளிதாம்ளா ஒரிஜினல். மத்தது எல்லாம் டூப்ளிக்கேட்டு."

அம்மா குழாயைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றாள். ஒருத்தரும் அவளிடம் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் ஒருத்தருக்கும் குடத்தைத் தூக்கிவிடவில்லை.

மூன்றாவது வாரம் பட்டியலில் இப்படி இருந்தது: இதர அறுநூற்றுப் பன்னிரண்டு. தேரடித்தெரு ஒன்று. மடைத்தெரு ஒன்று.

அந்த ஒன்றும் அந்த ஒன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா முன்னால் போகிறார், பெரியப்பா பின்னால் போகிறார், அல்லது பெரியப்பா முன்னால், தாத்தா பின்னால், வட்டத்தில் அதைச் சொல்ல முடியாது. நான்தான் முன்னே போறேன் என்று ரெண்டு பேரும் சொல்கிறார்கள். கால் மணிக்கு ஒருமுறை எங்கள் வாசலைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். அம்மா வாசல்படியில் ரெண்டு தட்டில் சோறு வைப்பாள். அடுத்த சுற்றில் தட்டு காலியாக இருக்கும். யார் தின்றது என்று யாரும் கேட்பதில்லை.

ஊருக்குள் பேச்சு வேறாகப் போனது. ரெண்டு தெருவும் காலிதானே, ரெண்டு வரியையும் அடித்துவிட்டால் வழி நேராகிவிடுமே என்றார்கள். ஒன்று ஒன்று என்றுதானே இருக்கு, பெரிசா என்ன போயிரும் என்றார்கள்.

"அடிச்சா இதரவுக்குத்தானே வருவாங்க?" என்றேன்.

"பட்டியல்ல முடிச்சு விழுந்து கெடக்கு," என்றார் குருபாதம். "முடிச்சோட அடிச்சா எங்க போவாங்கன்னு எனக்கே தெரியாது. இல்லாமயும் போகலாம். நீ அடிக்கச் சொன்னா அடிப்பேன். ஒரிஜினல் இதர நீங்கதானே."

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா சொன்னாள், "அடிக்க வேண்டாம். அவங்க வாயால அந்த வார்த்தையைச் சொல்லமாட்டாங்க. நீதான் எல்லார் குரலும் போடுவியே. அவங்க குரல்ல நீயே சொல்லி வெளிய எடுத்துவிடு."

"நம்மளை இல்லாமப் பண்ணப் பார்த்தவங்கம்மா."

"அது எனக்குத் தெரியாதாட்டீ?"

நான் வாசலில் உட்கார்ந்தேன். தாத்தா வந்தார். வேட்டியெல்லாம் புழுதி. நான் அவர் குரலில் செருமினேன், "ம்ம்ஹ்ம், எவம்லே அது." அடுத்த சுற்றில் பெரியப்பா வந்தார். "சொல்லுதேன் கேளு" என்றேன். அவர் கல்லை எடுத்து எறிந்தார், கல் சுற்றிப்போய் அவர் முதுகிலேயே விழுந்தது. அடுத்த சுற்றில் தாத்தா வரும்போது அவர் மாதிரியே காலை இழுத்து இழுத்து, படியில் ஏறி இறங்கி நடந்து காட்டினேன், சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாத்தா நின்றார். மூன்று வாரத்தில் முதல்முறையாக நின்றார். முகத்தைத் திருப்பவில்லை.

"ஏட்டி பேச்சி," என்றார். "சிரிக்காதட்டீ."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. 'பே'யை அவர் நீட்டவில்லை. நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக, முன்பல் இல்லாத இடத்தில் காற்று போகும்படி, 'ச்சி'யில் ஒரு பிசிறு வைத்துச் சொன்னார். நான் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. இன்னொரு முறை சொன்னேன். மூன்றாவது முறை வந்தது, உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா சடாரென்று வெளியே வந்து தெருவைப் பார்த்தாள், யாரும் இல்லை, நான்தான் இருந்தேன்.

"போனை எடு" என்றாள் அம்மா.

போனை எடுத்தேன். ரெண்டு பேர் குரலும் தொண்டையில் தயாராக இருக்கிறது, என்னை இதரல போடு என்ற மூன்று வார்த்தைதான், குருபாதம் நம்பிவிடுவார், அப்பன் எண் பூஜ்யம் என்று அவர்கள் தலையில் எழுதிவிடுவார், அவர்கள் வந்து குடத்தோடு எங்கள் வரிசையில் நிற்பார்கள். எல்லாம் சரிதான். பெரியப்பா இன்னும் என் பேரைச் சொல்லவில்லை. அவர் அடுத்த சுற்று வர இன்னும் ஏழெட்டு நிமிஷம் இருக்கிறது. போனை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தேன்.